ஆற்றில் விட்ட கடல் மீன்

திருமலைச்சாமி என்றால் தாண்டிக்குடியில் எல்லாரும் பிரேக் போன கதையைத்தான் சொல்வார்கள். மீன் கதையைச் சொல்ல மாட்டார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள்கூட பேச்சை மாற்றிவிடுவார்கள். தெரிந்ததைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்வதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு அது கைவரவில்லை. ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரே உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஃபேன் பெல்ட்டும் கிளட்ச் பிளேட்டும் விற்றது போக மிச்ச நேரமெல்லாம் எனக்கு வாய்தான். அதனால் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பிரேக் கதை சின்னது. பெரும்பாறை தாண்டி அய்யம்பாளையத்துக்கு இறங்கும் ரோட்டில் ஒருநாள் காலையில், உள்ளே ஆட்களும் மேலே வாழைத்தாருமாகப் போய்க்கொண்டிருந்தபோது, திருமலைச்சாமியின் ஜீப்பில் பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் அவர் மகள் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே கியரைக் குறைத்து, வளைவுகளைக் கடந்து, ஒரு மண்மேட்டில் வண்டியின் மூக்கைச் சொருகி நிறுத்தினான். கொஞ்சம் நேரமாகும், காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம் என்றானாம். அந்த அம்மாள் இறங்கி நிதானமாக வெற்றிலை போட்டார். வேறு ஜீப் வந்து எல்லாரையும் ஏற்றிப் போன பிறகும் யாருக்கும் எதுவும் தெரியாது. சாயங்காலம் அவன் என் கடைக்குப் பிரேக் குழாய் வாங்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவன் சட்டை முதுகு நனைந்து காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

மலையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு பாடம். வண்டியில் கோளாறு என்றால் அது ஓட்டுகிறவன் வயிற்றோடு நிற்க வேண்டும், பின்னால் இருப்பவர்களுக்குப் போகக் கூடாது. ஒருத்தர் பதறினால் எல்லாரும் பதறுவார்கள், ஒருத்தர் குதித்தால் எல்லாரும் குதிப்பார்கள். ரோட்டில் இது சரி. நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மனுஷன் வண்டியை விட்டு இறங்கிய பிறகும் ஓட்டுகிறவனாகவே இருந்தான். வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அவனுக்குப் பின் சீட்டு ஆட்கள்.

அவன் அப்பா காப்பித் தோட்டத்தில் கவாத்து வேலை செய்தவர். அவருக்கு ஈரல் போய்விட்டது என்று மதுரையில் டாக்டர்கள் கைவிரித்தபோது, ஊருக்கு வந்து வயிற்றுப்புண் என்று சொன்னான். அவன் அம்மா அதை நம்பி, புண் ஆறட்டும் என்று தினமும் மணத்தக்காளிக் கீரையை ஆய்ந்து கூட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஒரு விடியலில் அப்பா போய்விட்டார். முன்னாலேயே தெரிந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருப்பேனே என்று அந்த அம்மாள் கடைசிவரை சொல்லிச் சொல்லி அழுதார். அதைக் கேட்டும் இவனுக்கு உறைக்கவில்லை. அம்மாவைக் கொஞ்ச காலம் நிம்மதியாக வைத்திருந்தோம் என்றுதான் நினைத்தான்.

அவன் பெண்டாட்டி நதியா பழனிப் பெண். அடிவாரத்தில் திருநீறு, சந்தனம், மொட்டை போட்டவர்களுக்குத் தொப்பி எல்லாம் விற்கும் கடை அவள் அம்மா சுந்தராம்பாளுடையது. புருஷனை இழந்த பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் ஒற்றை மகளை வளர்த்தார். நதியாவுக்குக் குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த புதிதில், இந்தக் குளிரில் எப்படிங்க குளிக்கிறீங்க என்று என் கடை வாசலில் நின்று கேட்டாள். எதையும் கேட்டுவிடுவாள். ஆனால் புருஷன் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க மாட்டாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் கட்சி.

முதல் பிள்ளை தங்கவில்லை. மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது உண்டானபோது சுந்தராம்பாள் மச்சக் காவடி நேர்ந்துகொண்டார். பால் காவடி, பன்னீர்க் காவடி எல்லாருக்கும் தெரியும். மச்சக் காவடி இப்போது எடுப்பவர்கள் குறைவு. சுந்தராம்பாள் வீட்டில் பிள்ளைக்கென்று நேர்ந்தால் அதுதான் வழக்கம். புது மண்குடத்தில் உயிர் மீனை விட்டு, காவடியில் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி வந்து, சண்முக நதியில் கொண்டுபோய் விட வேண்டும். மீன் நீந்திப் போனால் பிள்ளை நிலைக்கும். காவடியைப் பிள்ளையின் அப்பன்தான் எடுக்க வேண்டும்.

திருமலைச்சாமி மருதாநதி அணையில் சொல்லி வைத்து ஒரு கெண்டைக் குஞ்சைப் பிடித்து வந்தான். சித்திரை வெயில். கிரிவீதியில் பாதி சுற்றுவதற்குள் குடத்துத் தண்ணீர் சுட்டுப்போய் மீன் மல்லாந்துவிட்டது. பக்கத்தில் நடந்து வந்த நதியா எட்டிப் பார்த்துவிட்டாள். அவன் குடத்தின் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, மீன் தூங்குகிறது என்றான். மீன் மல்லாந்து தூங்குவதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன் என்று அவளே பிற்பாடு சொல்லிச் சிரித்தாள். அது கசந்த சிரிப்பு. அந்த மாதக் கடைசியில் ஆறு மாதப் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது.

வெயிலுக்கு மீன் செத்தது, வேறு ஏதோ காரணத்தால் பிள்ளை செத்தது. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்காக அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டு தடவை வெறும் கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

மூன்றாவது தடவை நதியா உண்டானபோது, திருமலைச்சாமிக்கு வேறு நினைப்பே இல்லை. சாகாத மீன் ஒன்று வேண்டும். என் கடையில் உட்கார்ந்து அதையேதான் பேசுவான். விரால் கெட்டி உயிர் என்று நான் சொன்னேன். விரால் பிடித்தான், வீட்டுத் தொட்டியில் விட்டுப் பார்த்தான், அது ஒரு ராத்திரி வெளியே துள்ளி விழுந்து செத்தது. அதை நதியா எழுவதற்குள் எடுத்துக் கொல்லையில் புதைத்துவிட்டு, காகம் தூக்கிப் போய்விட்டது என்று சொன்னான்.

அப்போதுதான் சைஃபுல்லா குறுக்கே வந்தான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கொடைக்கானல் பஜாரில் அவர்கள் வீட்டுக்குப் பழைய பலசரக்குக் கடை உண்டு. அண்ணன் தம்பிகள் கடையைப் பார்த்துக்கொள்ள, இவன் ஊருக்கு வெளியே ஒரு பங்களாவில் மேற்பார்வை வேலை பார்த்தான். பங்களா சென்னைக்காரர் ஒருவருடையது. அந்தப் பெரிய மனிதர் கூடத்தில் சுவரளவுக்குக் கண்ணாடித் தொட்டி கட்டி, அதில் கடல் மீன்களை விட்டிருந்தார். ஏழாயிரம் அடி உயரத்தில், போர்வைக்குள்ளும் விரல் விறைக்கிற ஊரில், வெந்நீர்க் கடலில் பவளப்பாறைக்குள் வாழ்கிற மீனுக்கு என்ன சோலி என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. தண்ணீரைச் சூடாக்க ஒரு கருவி, காற்று விட ஒரு கருவி, உப்பு மூட்டை மூட்டையாக. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து விருந்தாளிகளுக்குக் காட்டிவிட்டுப் போவார்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நின்றது. நாள்கணக்கில் வரவில்லை. சைஃபுல்லா தொட்டியைச் சுற்றிக் கம்பளி கட்டி, வெந்நீர் பாட்டில்களை உள்ளே மிதக்கவிட்டு, கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தான். மீன்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒன்று மட்டும் நின்றது. கை அகலத்துக்குப் பெரிய மீன். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள், கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. ஏதோ ஏஞ்சல் மீன் என்றும், எந்தக் கடலில் பிடித்தது என்று விற்றவனுக்கே தெரியாது என்றும் சைஃபுல்லா சொல்வான். மின்சாரம் திரும்பியது. ஆனால் முதலாளிக்கு மீன் ஆசை விட்டுப்போய்விட்டது. பங்களாவை விற்கப் போகிறேன், தொட்டியைக் காலி பண்ணு என்று போனில் சொல்லிவிட்டார். மீனை என்ன செய்ய என்று கேட்டதற்கு, உன் இஷ்டம் என்றாராம்.

சைஃபுல்லா வீட்டுக் கடையில் பட்டர் ஃப்ரூட் பெட்டிகளை இறக்கப் போயிருந்த திருமலைச்சாமி, அவனோடு பங்களாவுக்குப் போய் அந்த மீனைப் பார்த்தான். குளிரில் மற்றதெல்லாம் செத்தும் இது சாகவில்லை என்ற கதையைக் கேட்டான். அதற்கு மேல் அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மீனைக் காவடிக்குத் தரச் சொல்லிக் கேட்டான்.

சைஃபுல்லா நல்லவன், ஒளிக்காமல் சொன்னான். இதைப் பின்னால் என்னிடமும் சொன்னான், திருமலைச்சாமியும் மறுக்கவில்லை.

"அண்ணே, இது உப்புத்தண்ணி மீனு. தொட்டித் தண்ணியோட கொண்டு போனீங்கன்னா பழனி வரைக்கும் தாங்கும். ஆத்துல விட்டா நிக்காது. கொஞ்ச நேரம் ஓடும், பெறகு போயிரும். வேண்டுதலுக்குன்னா வேற பாருங்கண்ணே."

திருமலைச்சாமி யோசித்தான். அவன் யோசித்த விதம்தான் எனக்கு இன்றும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. குடத்தில் கொண்டுபோகும்போது சாகக் கூடாது. ஆற்றில் விட்டதும் நீந்திப் போக வேண்டும். நதியா அதைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் இந்த மீன் போதும். அதற்குப் பிறகு ஆழத்தில் அது என்ன ஆகிறது என்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? முருகனுக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்தானாம். இது சாமியை ஏமாற்றுவது இல்லையா என்று பிற்பாடு கேட்டேன். மீன் செத்தாலும் பாவம் என் கணக்கில் வரட்டும், அவளுக்கு நிம்மதி வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன் என்றான்.

மாசிக் கார்த்திகைக்கு நாள் குறித்தார்கள். நதியாவுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து பழனியில் அம்மா வீட்டில் இருந்தாள். திருமலைச்சாமி கொடைக்கானலிலிருந்து மலைப்பாதையில் நேராகப் பழனிக்கு இறங்கினான். பெரிய கேனில் தொட்டித் தண்ணீர், அதில் மீன், பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய். வளைவுக்கு வளைவு நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு போனான். ஆட்கள் ஏறியிருந்தபோதுகூட அவன் அவ்வளவு பதமாக வண்டி ஓட்டியதில்லை.

மீனைப் பார்த்த சுந்தராம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மயில் நிறத்தில் முருகனே அனுப்பியது என்று அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நதியா குடத்துக்கு மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். இது எந்த ஊர் மீன் என்று புருஷனைக் கேட்டாள்.

"கொடைக்கானல் ஏரி மீனு. அந்தக் குளுரு தண்ணியிலயே கெடந்த மீனு, எதுக்கும் அசையாது" என்றான்.

அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர்கள் ஒரு கெண்டையைத் தேடிப் பிடித்திருப்பார்கள். அல்லது பால் காவடியாக மாற்றிக்கொள்ளச் சாமியிடம் பூக் கேட்டுப் பார்த்திருப்பார்கள். அவனுக்கு வாய் வரவில்லை. ஒன்பது மாத வயிற்றோடு நிற்கிறவளிடம், இந்த மீன் ஆற்றில் செத்துவிடும் என்று எப்படிச் சொல்வது என்று பின்னால் என்னைக் கேட்டான். சொல்கிற விதத்தில் சொல்ல வேண்டியதுதான். அதற்குத்தானே வாய்.

காவடி நன்றாகவே நடந்தது. அன்றைக்கு வானம் மூட்டமாக இருந்தது. ஒரு பக்கக் குடத்தில் மீன், மறு பக்கக் குடத்தில் சரிக்குச் சரியாகத் தண்ணீர். கிரிவீதியைச் சுற்றி வந்தபோது வழியெல்லாம் ஆட்கள் குடத்துக்குள் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிறகு சண்முக நதிக்குப் போனார்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. திருமலைச்சாமி இறங்கிக் குடத்தைச் சரித்தான். மீன் வெளியே வந்து ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு சட்டென்று வாலை வெட்டி ஆழத்துக்குள் போய் மறைந்தது. கரையில் அரோகரா போட்டார்கள். நதியா அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நேரம் பார்த்து வயிற்றில் பிள்ளை உதைத்தது. அம்மாவின் கையை இழுத்து வயிற்றில் வைத்துக் காட்டினாள்.

அவனுக்கு அந்த இடத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். என்னால் கோபப்பட முடியவில்லை. இருட்டுவதற்குள் ஒட்டன்சத்திரம் போய் லோடு பிடிக்க வேண்டியிருந்தது. கிளம்பிவிட்டான். காவடிக்கு மறுநாள் காலையில் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அது பெண்கள் செய்வது. பிள்ளைத்தாய்ச்சி வெள்ளனே எழுந்து குளித்து, மடியில் பொரி கட்டிக்கொண்டு போய், விட்ட இடத்தில் மீனுக்குப் போட வேண்டும். ஆண்களிடம் யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. போன தடவை மீன் ஆற்றுக்கே போய்ச் சேரவில்லை என்பதால் அதற்கு அவசியமும் வரவில்லை.

அம்மாவும் மகளும் போனார்கள். படித்துறைக்குக் கீழே ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்தது. பொரியைப் போடக் குனிந்த நதியா அதற்கு நடுவில் மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கோடு மட்டும் போகவில்லை. ஒரு கண்ணைக் காணோம். சுந்தராம்பாள் ஒரு குச்சியை எடுத்து அதைத் தள்ளிவிடப் பார்த்தார். அது சுற்றிச் சுற்றிக் கரைக்கே வந்தது.

வேறு ஏதோ மீன் என்று அம்மா சாதித்தார். மகள் பொரியைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள். அவரிடம் இதைச் சொல்லக் கூடாது, மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர், இதை நினைத்துக்கொண்டே வளைவில் விட்டுவிட்டால் என்ன செய்வது என்றாள். அம்மாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இப்படி ஒரு குடும்பம். அவளைக் காப்பாற்ற இவன் வாயை மூடினான், இவனைக் காப்பாற்ற அவள் வாயை மூடினாள். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைக்க ஒரு ஆள் அங்கே இல்லாமல் போய்விட்டது.

தினமும் சாயங்காலம் திருமலைச்சாமி என் கடை வாசலில் நின்று போன் போடுவான். டவர் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும். சாப்பிட்டாயா, பிள்ளை அசைகிறதா என்று கேட்பான். அசைகிறது என்று அவள் சொல்வாள். மீன் போன போக்கைப் பற்றி அவனே மறுபடி மறுபடி சொல்லிக் காட்டுவான். எப்படி ஓடுச்சு பார்த்தியா என்பான். அந்தப் பக்கம் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தொட்டில் மாட்ட ஒரு கொக்கி வேண்டுமென்று என்னிடம் கேட்டு, ஜீப் இழுக்கிற கனத்துக்கு ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான்.

நதியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்சம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அசைவு குறைந்தால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும், ராத்திரி பகல் பார்க்கக் கூடாது. ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அடுத்த வாரத்தில் ஒருநாள் காலையில் அசைவு குறைந்தது. அவளுக்குத் தெரிந்தது. மத்தியானம் அம்மா கடையிலிருந்து வந்து கேட்டபோது அசைகிறது என்றாள். சாயங்காலம் புருஷன் கேட்டபோதும் அசைகிறது என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் சுந்தராம்பாள் சந்தேகப்பட்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அலறியடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

பெண் பிள்ளை. முழுதாக வளர்ந்த பிள்ளை. தலை நிறைய முடி. கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். டாக்டரம்மா கோபமாகவே கேட்டார், முந்தின நாளே வந்திருந்தால் உயிரோடு எடுத்திருக்கலாமே, ஏன் வரவில்லை என்று. சுந்தராம்பாள் தெரியவில்லை என்றார். நதியா கண்ணை மூடிக் கிடந்தாள். திருமலைச்சாமி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டரம்மா கேட்ட கேள்வியை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அவன் இப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வண்டி ஓட்டுகிறான். ராத்திரியில் கமிஷன் மண்டி வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். நதியா பழனியில் அம்மா கடையில் இருக்கிறாள். இரண்டு பேரும் பார்த்துக்கொள்வதில்லை. பிள்ளை தங்காததால் பிரிந்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பிள்ளை போன பிறகும் அவர்கள் பிரியவில்லை. சில வாரம் கழித்து அவளைத் தாண்டிக்குடிக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரத்தான் அவன் போனான். நான்தான் வண்டி ஓட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தான்.

பழனியிலிருந்து மலைப்பாதையில் ஏறினோம். அவர்கள் இரண்டு பேரும் பின்னால். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மலையில் ஏற ஏற மழைத் தூறல். பெருமாள்மலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளாகவே ஆரம்பித்தாள். இனி மறைத்து என்ன என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஏங்க, அந்த மீனு மறுநாளே மெதந்துருச்சு. பொரி போடப் போனப்போ நான் பாத்தேன். உங்ககிட்டச் சொல்லல."

கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். பொரி போடுகிற வழக்கமே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பதறவில்லை. அவன் முகத்தில் தெரிந்தது ஆறுதல். பாவி, அவளுக்குச் சொல்லித் தேற்ற ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று அவனுக்குப் பட்டுவிட்டது. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். ஆயுசில் முதல் தடவையாக ஒன்றை ஒளிக்காமல் சொன்னான்.

"அதை நெனச்சா இம்புட்டு நாளா மருகிட்டு இருந்த? அது ஏரி மீனு இல்ல நதியா, கடல் மீனு. உப்புத் தண்ணி இல்லாம எந்த ஆத்துல விட்டாலும் செத்துத்தான் போகும். சைஃபுல்லா அப்பவே சொன்னாரு. நீ சங்கடப்படக் கூடாதுன்னு நாந்தான் மறைச்சுட்டேன். அது செத்ததுக்கும் நம்ம புள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவளுக்கு மனம் லேசாகிவிட்டது என்று நினைத்து அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தது. நான் ஒதுக்கி நிறுத்தி வழிவிட்டேன். இன்ஜின் சத்தம் அடங்கியிருந்த அந்த நேரத்தில் அவள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. குரல் எழும்பவில்லை. அழவும் இல்லை.

"மொத நா காலையிலயே அசைவு கொறஞ்சிருச்சுங்க. எனக்குத் தெரியும். அன்னைக்கே வந்திருந்தா எடுத்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. மீனே போயிருச்சு, இனி ஆஸ்பத்திரிக்குப் போயி என்ன ஆகப் போகுதுன்னு நான் படுத்துட்டேன். கடல் மீனுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆட்டோ கெடைக்காட்டிகூட நான் நடந்தே போயிருப்பேன்."